பெய்ஜிங்கா, சியானா, சுவான்ஜோவா: ஏழு நாளுக்கு எந்தச் சீனா?

சித்தி மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். “சீனா போலாம்னு இருக்கோம்ணா. அம்மா, நான், பையன். எனக்கு ஒன்பது நாள்தான் லீவு. எங்கே போறது, சொல்லு.” அவள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது: பெய்ஜிங், சியான், ஷாங்காய், குய்லின், அப்புறம் யாரோ ரீல்ஸில் காட்டிய கண்ணாடிப் பாலம். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் மிச்சம் ஏழு. ஏழு நாளில் ஐந்து ஊர் என்றால் ரயில் நிலையங்களைத்தான் நன்றாகப் பார்த்துவிட்டு வர முடியும்.

“பழைய இடங்கள் போதும், அரண்மனை கோயில் மாதிரி” என்று அவளே ஒரு கோடு போட்டதும் ஷாங்காயும் குய்லினும் பாலமும் கழன்றுகொண்டன. பதிலுக்கு அவள் கேள்விப்படாத ஓர் ஊரை நான் சேர்த்தேன்: சுவான்ஜோ. ஆக மூன்று. நான் பெய்ஜிங்கையும் சியானையும் ஒரே பயணத்தில் பார்த்தவன். சுவான்ஜோவுக்கு, வேலையாக ஷியாமென் போயிருந்தபோது இரண்டு நாள் பிடுங்கிக்கொண்டு போனேன். அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

துன்ஹுவாங்கின் மொகாவ், தாதோங் பக்கத்து யுன்காங் என்ற பௌத்தக் குகைக் கோயில்களை ஏன் விட்டாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். விட மனமில்லைதான். ஆனால் துன்ஹுவாங் கோபி பாலைவனத்தின் ஓரத்தில் கிடக்கிறது. அதற்கென்று தனிப் பயணம் போக வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் முழங்கால் வலிக்கிற ஓர் அம்மாவோடு போகிறவர்களுக்கு, அது இப்போது வேண்டாம்.

ஊரை எடைபோட எனக்கு ஒரு கணக்கு உண்டு. பார்க்க வந்த பொருளுக்கு முன்னால் எத்தனை நிமிடம் தொந்தரவில்லாமல் நிற்க முடிகிறது, அதற்காக வரிசையிலும் வண்டியிலும் எத்தனை மணி நேரம் போகிறது. இந்தக் கணக்கைப் போட்டால் மூன்று ஊரும் மூன்று விதமாக வருகின்றன.

பெய்ஜிங்: பிரம்மாண்டத்துக்கு ஒரு விலை உண்டு

பெய்ஜிங் என்றால் முதலில் அரண்மனை. ஆங்கிலத்தில் ஃபர்பிடன் சிட்டி, உள்ளூரில் குகோங். மிங் பேரரசர் யோங்லே 1406இல் தொடங்கி 1420இல் கட்டி முடித்தார். மிங், சிங் இரண்டு வம்சத்துக்குமாக 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். கடைசிப் பேரரசர் பூயி 1912இல் முடி துறந்தும் உள்ளேயே இருந்துவிட்டு 1924இல் வெளியேற்றப்பட்டார். மறு வருடமே அரண்மனை அருங்காட்சியகமானது.

பரப்பு 72 ஹெக்டேர். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலிலோ கிழக்கு வாசலிலோ வெளியேற வேண்டும், திரும்பி வர முடியாது. பெரிய மண்டபங்களுக்குள் போக விடமாட்டார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். சிம்மாசனம் தெரிகிற அந்த வாசலில் நூறு பேர் கையைத் தூக்கிப் போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது அரை நிமிடம். அங்கே முட்டி மோதுவது வீண்.

அதற்குப் பதில் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். கூரை முனைகளில் சின்னச் சின்னப் பீங்கான் விலங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கட்டடத்தின் அந்தஸ்து கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். முழுசாகப் பத்து இருப்பது தைஹே மண்டபம் ஒன்றுக்குத்தான். இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் பையன்கள் அன்று முழுக்க எண்ணிக்கொண்டே வருவார்கள், போன் கேட்க மாட்டார்கள். அப்புறம் பாவ்ஹே மண்டபத்துக்குப் பின்னால் படிகளுக்கு நடுவே சரிவாகக் கிடக்கும் ஒரே கல். 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை, முழுக்க மேகமும் டிராகனும். இவ்வளவு பெரிய கற்களைக் குளிர்காலத்தில்தான் கொண்டுவந்தார்கள். வழிநெடுகக் கிணறு தோண்டி, தண்ணீர் ஊற்றி, அது உறைந்ததும் பனிக்கட்டி மேல் கல்லை இழுத்து வந்திருக்கிறார்கள். நம் ஊரில் பெரிய கோபுரத்தைப் பார்த்ததும் சாரம் கட்டிய ஊரைத் தேடுவோமே, அந்த மாதிரி ஆட்களுக்கு இந்தக் கல் போதும். கூட்டமும் இங்கே குறைவு. நான் இருபது நிமிடம் நின்றேன்.

டிக்கெட் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், குளிர்காலத்தில் 40. ஒரு யுவான் ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒன்றும் பிரச்சினையில்லை, கிடைப்பதுதான் பிரச்சினை. ஏழு நாள் முன்னால் ஆன்லைனில் திறக்கும், பாஸ்போர்ட் எண்ணோடு பதிய வேண்டும், நல்ல சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. எனக்குப் பதிவு செய்து தந்த ஏஜென்ட் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டார். வாசலில் பாஸ்போர்ட்டை வைத்தேன், சிவப்பு விளக்கு. காவலர் கோபப்படவில்லை, உதவவும் இல்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டி வழி காட்டினார், அவ்வளவுதான். அன்றைக்கு அரண்மனைக்கு நேர் வடக்கே இருக்கும் ஜிங்ஷான் குன்றில் ஏறினேன். அகழி வெட்டிய மண்ணைக் கொட்டியே எழுப்பிய குன்று அது. மேலிருந்து பார்த்தால் அரண்மனையின் மஞ்சள் கூரைகள் அத்தனையும் வெயிலில் கிடக்கின்றன. உள்ளே போன நாளைவிட அந்த மாலைதான் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது.

அடுத்தது பெருஞ்சுவர். இங்கே இன்னொரு தேர்வு ஒளிந்திருக்கிறது, ஏனென்றால் சுவர் ஓரிடத்தில் இல்லை. பாதாலிங் போனால் அதிவேக ரயில் நேராக வாசலில் இறக்கிவிடும், செலவும் குறைவு, ஆனால் கூட்டம் தைப்பூசக் கூட்டம். ஜின்ஷான்லிங் பாதி செப்பனிட்டு, பாதி இடிந்தபடி விட்டிருக்கிறார்கள். புகைப்படக்காரர்கள் கும்பிடும் இடம். ஆனால் போய்வர ஒரு முழு நாள், படிகள் சில இடங்களில் முழங்காலுக்கு மேல் உயரம். நடுவே இருப்பது முதியான்யு, ஊரிலிருந்து 70 கிலோமீட்டர். ரயில் கிடையாது, பேருந்தோ காரோதான். கேபிள் கார் 14ஆம் எண் காவல் கோபுரத்தில் கொண்டுபோய் விடும். சித்தி அந்தக் கோபுரத்தருகே உட்கார்ந்து மலைமேல் சுவர் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பையன் 6ஆம் கோபுரம்வரை நடந்துபோய், அங்கிருந்து உலோகத் தடத்தில் சறுக்கு வண்டியில் கீழே வரலாம். குடும்பத்தோடு போனால் முதியான்யு. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

சொர்க்கக் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். நீல ஓட்டு வட்ட மண்டபம் எங்கேயும் போய்விடாது, பத்து மணிக்குக்கூடப் பார்க்கலாம். ஆனால் அதைச் சுற்றிய பூங்காவில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் சீட்டாடுவதும், கோரஸ் பாடுவதும், தரையில் தண்ணீர்த் தூரிகையால் எழுத்து எழுதிப் பார்ப்பதும் காலையில்தான். ஒரு தாத்தா எழுதி முடிப்பதற்குள் முதல் வரி காய்ந்துபோகிறது. அவர் கவலைப்படவே இல்லை.

பெய்ஜிங்குக்கு நான்கு நாள் குறைந்தபட்சம். அதில் ஏறக்குறைய ஒன்றரை நாள் வரிசை, பாதுகாப்புச் சோதனை, மெட்ரோ மாறுவது என்று போகும்.

சியான்: மண்ணுக்குள் பாதி, மண்ணுக்கு மேல் பாதி

சியானுக்கு எல்லோரும் போவது சுடுமண் வீரர்களுக்காக. 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகள் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர்கள். கிமு 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் என்ற முதல் பேரரசரின் சமாதிக்குக் காவலாக வைத்த படை. மொத்தம் 8000 இருக்கலாம் என்பது கணக்கு. வெளியே எடுத்தது அதில் ஒரு பகுதிதான். சமாதியை இன்றுவரை திறக்கவில்லை. உள்ளே பாதரச ஆறுகள் ஓடின என்று பழைய நூல் சொல்கிறது. மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. வீரர்கள் மேல் முதலில் வண்ணம் பூசியிருந்தார்கள். தோண்டி எடுத்துக் காற்றுப் பட்ட சில நிமிடங்களில் அது சுருண்டு உதிர்ந்தது. மீதியைத் தோண்ட அவசரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

படங்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், விமானக் கூடாரம் மாதிரி கூரை. நீங்கள் நிற்பது மேலே கைப்பிடிச் சுவரோரம். வீரர்கள் கீழே, தூரத்தில். முகத்துக்கு முகம் வேறு என்பார்கள், அந்தத் தூரத்தில் அது தெரியாது. தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் புண்ணியம். அது இல்லாவிட்டால் இரண்டாவது குழிக்குப் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் சில பேரை மட்டும் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். மண்டியிட்ட வில்லாளியின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். மடங்கிய காலின் செருப்படியில் தையல் புள்ளிகள் தெரியும். நுனியிலும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் இடைவெளி விட்டு. மண்ணுக்குள் புதைக்கப் போகிற பொம்மையின் உள்ளங்கால் வழுக்கக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். 120 யுவான் டிக்கெட்டுக்கு எனக்கு அந்த ஒரு செருப்பே போதுமாக இருந்தது.

இடம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். மெட்ரோவும் பேருந்துமாகப் போகலாம். “டிக்கெட்டோடு சேர்த்து” என்று ரயில் நிலைய வாசலில் கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். பொம்மைத் தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைப்பார்கள்.

ஆனால் சியானை நான் மேலே வைப்பதற்குக் காரணம் வீரர்கள் இல்லை, ஊர். மிங் காலத்து மதில் 13.7 கிலோமீட்டர் சுற்றளவில் இன்னமும் முழுச் சுற்றாக நிற்கிறது. மேலே லாரி போகிற அகலம். சைக்கிள் வாடகைக்குத் தருகிறார்கள். சாயங்காலம் தெற்கு வாசலில் ஏறி ஒரு சுற்று வந்தால் இரண்டு மணி நேரம். ஒரு பக்கம் பழைய ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் அகழியோரம் ஆடிக்கொண்டிருக்கும் பாட்டிகள். சைக்கிள் முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது.

நம் ஆட்கள் சியானில் கட்டாயம் பார்க்க வேண்டியது பெரிய காட்டுவாத்துப் பகோடா. பாடப்புத்தகத்தில் படித்த யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுவடிகளைப் பத்திரப்படுத்த 652இல் கட்டியது. ஏழு நிலை, 64 மீட்டர். அவர் காஞ்சிபுரம்வரை வந்தவர். திராவிட நாட்டின் தலைநகர் என்று காஞ்சியைப் பற்றித் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். பகோடா வாசலில் அவர் சிலை நிற்கிறது. அந்தப் பீடத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஸ்கேட்டிங் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய பள்ளிவாசலையும் விடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சீனக் கோயில்; வளைந்த ஓடு, மரத்தோரணம், முற்றத்துக்குப் பின் முற்றம். உள்ளே உத்தரத்தில் அரபு எழுத்து. அதைச் சுற்றிய முஸ்லிம் தெருவின் முன்பகுதி வெறும் சுற்றுலாச் சந்தடி. இரண்டு சந்து உள்ளே போனால் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற கடைகள். பாவ்மோ கேட்டால் காலிக் கிண்ணமும் இரண்டு கெட்டி ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம்தான் பிய்க்க வேண்டும், அதுவும் மொச்சை அளவுக்கு. பரோட்டாவைப் பிய்த்துப் பழகிய கை என்று நான் சட்டென்று முடித்துக் கொடுத்தேன். பரிசாரகர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னும் சின்னதாக என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் அடுப்படிக்குப் போய் ஆட்டுக்கறிச் சாறோடு திரும்பி வந்தது.

மூன்று நாள் போதும், நிதானமாகவே. சுடுமண் வீரர்களைத் தவிர மற்றதெல்லாம் மதிலுக்குள்ளேயோ அதிலிருந்து கொஞ்ச தூரத்திலேயோ இருப்பதால் வண்டி நேரம் குறைவு. பார்க்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக் கழித்தால் பெய்ஜிங்கை சியான் எளிதாக ஜெயிக்கிறது.

சுவான்ஜோ: பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால்

முதலில் ஓர் எச்சரிக்கை. சுவான்ஜோ வேறு, குவாங்சோ வேறு. ஆங்கில எழுத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தப்பான ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் உண்டு. இது ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரை ஊர். மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். சோங், யுவான் காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் 22 இடங்களைச் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள்.

இங்கே அரண்மனை கிடையாது, பெருஞ்சுவர் கிடையாது. சாதாரண சீன ஊர். செங்கல் வீடுகள், ஸ்கூட்டர்கள், வாசலில் நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பவர்கள். ஒரே தெருவில் 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசலும், ஊதுவத்திப் புகை ஓயாத குவான் தீ கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். கொஞ்சம் நடந்தால் கன்பூசியஸ் கோயில். வெளியே மலையடிவாரத்தில், மானிக்கேயம் என்ற பழைய பாரசீக மதத்தைத் தோற்றுவித்த மானியின் 1339ஆம் ஆண்டுக் கற்சிலை. அந்த மதமே உலகில் இல்லை, சிலை மட்டும் இருக்கிறது.

686இல் தோன்றிய கைய்யுவான் கோயில்தான் ஊரின் மையம். முன்னால் இரண்டு கல் பகோடாக்கள், 13ஆம் நூற்றாண்டு. மேற்குப் பகோடாவில் வாளேந்திய ஒரு குரங்கு செதுக்கியிருக்கிறது. பின்னாளில் கதைகளில் யுவான் சுவாங்கோடு மேற்கே பயணம் போகிற குரங்கின் முன்னோடி என்பார்கள். அனுமனின் சாயலா இல்லையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் நம்மைப் பிடித்து நிறுத்துவது பெரிய மண்டபத்தின் பின்தாழ்வாரம். அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு, மற்றத் தூண்களோடு சேராத கறுப்புக் கல்லில். வட்ட வட்டச் சிற்பங்கள். ஒன்றில் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர். இன்னொன்றில் இரட்டை மரங்களுக்கு நடுவே கண்ணன். யுவான் காலத்தில் இங்கே தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயில் இருந்தது. அது அழிந்த பிறகு அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறி, சில மதிலில், சில இந்தக் கோயிலில் போய்ச் சேர்ந்தன. நான் நின்றபோது ஒரு பாட்டி நரசிம்மர் தூணில் சாய்ந்தபடி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளை எனக்கும் கொடுத்தார்.

சரி, கறாராகவும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூண்களைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். “சீனாவில் தமிழ்க் கோயில்” என்ற தலைப்பைப் பார்த்துவிட்டுப் பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்னும் நிறைய கற்கள் இருக்கின்றன, அங்கே ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். லிங்கத்துக்கு யானை பூ வைக்கிற சிற்பத்தின் முன்னால் திருவானைக்கா போனவர்கள் யாரும் விளக்கப் பலகை தேட வேண்டியதில்லை. அனுமதி இலவசம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைச் சுவான்ஜோவில் தேடாதீர்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும், ‘செகசை கான்’ என்ற மங்கோலியப் பெயரைத் தமிழ் எழுத்தில் பொறித்த, அடியில் சீன வரியும் உள்ள அந்தக் கல், ஷியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் போக முன்பதிவு கேட்பார்கள்.

எனக்கு இந்த ஊரில் பிடித்த இன்னொன்று, கடலோரத்து ஷுன்பு என்ற மீனவக் குப்பம். சிப்பி ஓட்டை அடுக்கிக் கட்டிய சுவர்கள். கப்பல் தள்ளாடாமலிருக்கப் பாரமாக ஏற்றி வந்த ஓடுகள் என்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் கொண்டை போட்டு, குறுக்கே ஓர் ஊசி செருகி, அதைச் சுற்றி மொட்டுச் சரங்களை வட்ட வட்டமாக வைத்துக்கொள்வார்கள். மல்லிகையும் உண்டு. எண்பது வயதுப் பாட்டி சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார், தலையில் நான்கு சுற்றுப் பூ. இந்த இரண்டு மூன்று வருடத்தில் இது பெரிய மோகமாகிவிட்டது. தெருவுக்குத் தெரு தலை அலங்காரக் கடை, நாடெங்குமிருந்து இளம்பெண்கள் வந்து பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். பாட்டிகள் வைப்பது நிஜம்.

இங்கே வரிசை என்று எனக்கு நினைவிருப்பது அந்த அலங்காரக் கடை வாசலில் நின்றதுதான். ஒரு நாள் கோயிலும் தெருவும், ஒரு நாள் அருங்காட்சியகமும் குப்பமும், மூன்றாவது நாள், அந்தக் காலத்தில் கடல் மேல் கட்டிய, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் 12ஆம் நூற்றாண்டு ஆன்பிங் கல்பாலம். அதோடு முடிந்தது. மீதி நாட்களுக்கு ஷியாமெனைச் சேர்க்கலாம், அதிவேக ரயிலில் அரை மணி. படகில் ஏறினால் குலாங்யு தீவு, கார் இல்லாத தெருக்கள். ஒரு நாள் தூலோ பார்க்க மலைக்குப் போகலாம். ஒரு குலமே சேர்ந்து வாழ்ந்த மண்கோட்டை வீடுகள் அவை; தியான்லுவோகெங்கில் நடுவே ஒரு சதுரமும் சுற்றி மூன்று வட்டங்களும் ஒரு நீள்வட்டமுமாக நிற்பதை உள்ளூர்க்காரர்கள் ‘நாலு தொடுகறி, ஒரு சூப்பு’ என்று கூப்பிடுகிறார்கள்.

வயிறும் முழங்காலும் வானிலையும்

சித்தி சுத்த சைவம். பெய்ஜிங்கில் இது பெரிய கஷ்டமில்லை. லாமா கோயில் பக்கம் சைவ உணவகங்கள் உண்டு, இந்திய உணவகங்களும் உண்டு. சியானில் லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸும் சீமைப்பனிச்சைப் பழ அப்பமும் காப்பாற்றும். சுவான்ஜோவில் சேமியாக் கஞ்சி போல இருக்கும் மியான்ஷியான்ஹூவைப் பார்த்துக் கையை வைத்துவிடாதீர்கள், அடியில் சிப்பியோ பன்றிக்கறியோ இருக்கும். கடல்புழுவை ஜெல்லியாக்கிக் கொடுப்பதும் இந்த ஊர்ச் சிறப்பு. கோயில்களைச் சுற்றிய ‘சூ சாய்’ என்ற சைவக் கடைகள்தான் வழி. அங்கே வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது, நம் வீட்டு அமாவாசைச் சமையல் மாதிரி. எந்த ஊரானாலும் “கறி, மீன், பன்றிக்கொழுப்பு வேண்டாம்” என்று சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

நடை பெய்ஜிங்கில்தான் அதிகம். அரண்மனைக்குள் மட்டும் மூன்று கிலோமீட்டராவது ஆகும், உட்கார இடம் குறைவு. சியான் நடுத்தரம். சுவான்ஜோவில் பத்தடிக்கு ஒரு தேநீர்க்கடை.

வடக்கே ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஆனால் மே 1ஐ ஒட்டிய விடுமுறையும் அக்டோபர் முதல் வாரமும் சீனாவே கிளம்பும் நாட்கள். அந்த வாரம் பெய்ஜிங் போவதைவிட வீட்டில் இருக்கலாம். குளிர்காலத்தில் பெய்ஜிங்கில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சுவான்ஜோவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளி பயம். நவம்பரில் மெல்லிய சட்டை போதும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள்வரை வேண்டாம். அந்த ஊர்களிலிருந்து ஷியாமெனுக்கு நேர் விமானம் உண்டு. ஆகவே சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் விடுப்பில் கிளம்புகிறவர்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, சுவான்ஜோதான். அப்புறம், ரூபாய் நோட்டு மாதிரி யுவான் கட்டு வைத்துக்கொண்டு அலையாதீர்கள். ஆலிபேயில் உங்கள் கார்டை ஊரிலேயே சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பும் கூகுளும் ஓட்டல் வைஃபையில் வராது, நம் ஊர் ரோமிங்கில் வரும்.

நான் சொன்னது

முதல் பயணம், வடக்குக் குளிருக்கு முந்தின மாதம், மூன்று தலைமுறை சேர்ந்து போகிறது என்றால் பெய்ஜிங் நான்கு, சியான் மூன்று. இடையில் அதிவேக ரயில், நாலரையிலிருந்து ஆறு மணி நேரம், 500 யுவானுக்கு மேல். மூன்றாவது ஊரைச் சேர்க்காதே என்று அடிக்கோடிட்டு எழுதினேன். அரண்மனை டிக்கெட் கிடைக்காது என்று தெரிந்தால் பெய்ஜிங்கை மூன்றாகக் குறைத்துச் சியானை நான்காக்கு. சுவான்ஜோ, ஏற்கெனவே ஒரு தடவை சீனா போனவர்களுக்கும், கூட்டம் ஆகாதவர்களுக்கும், கல்லில் எழுத்துத் தேடுகிற பித்து உள்ளவர்களுக்கும். பையனுக்கு அங்கே அலுப்புத் தட்டும், பெருஞ்சுவர்ச் சறுக்கலுக்கு ஈடாக அங்கே ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். நான் அனுப்பியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அரண்மனைக் கல், செருப்புத் தையல் எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டிக்கொண்டிருந்தவர், குப்பத்துப் பாட்டி சிப்பி உடைக்கிற இடம் வந்ததும், “இன்னொரு தடவை வாசி” என்றாராம். சித்தி இந்த வயதிலும் தலையில் பூ இல்லாமல் வாசல் தாண்டாதவர்.

“நவம்பர்ல ஷியாமெனுக்கு டிக்கெட் போட்டாச்சுண்ணா” என்றாள். “பையன்தான் ரெண்டு நாளா முகத்தைத் தூக்கி வெச்சிட்டிருக்கான். அந்தக் குரங்கு எந்தப் பக்கத்துப் பகோடான்னு சொன்னே?”

மேற்கு என்றேன்.